அடையாளம் என்ன சொன்னார்?

8-11-1957

மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டேன். பியூன் சடையனை அனுப்பினேன். வெறுங்கையோடு திரும்பினான். "அம்மா அடையாளம் கேக்குறாங்க சார்."

இருபது வருஷமாக எங்கள் வீட்டுக்கு வந்துபோகிறவன்! கனகாம்பாளுக்கு அதெல்லாம் கணக்கில்லை. எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்றைச் சொல்லி அனுப்பினால்தான் வீட்டை விட்டு ஒரு துரும்பு வெளியே போகும். வேறு வழியில்லாமல், "நேத்து ரசத்துல உப்பு இல்லன்னு தட்டைத் தள்ளினேன்னு சொல்லு" என்றேன். கண்ணாடி வந்தது. தமிழய்யா தட்டைத் தள்ளின கதை நாளைக்கு எட்டாம் வகுப்பு வரைக்கும் போயிருக்கும்.

ரஷ்யாக்காரன் நாயை ஆகாயத்துக்கு அனுப்பிவிட்டான். என் பெண்டாட்டி அடையாளம் கேட்கிறாள்.

15-11-1957

திருவிழாக் கமிட்டி காரியதரிசி உமாமகேஸ்வரன் வீடு தேடி வந்தார். தீபத் திருவிழாவுக்கு இந்த வருஷம் மைக் செட்டாம். தேரடியிலிருந்து மாட்டுச் சந்தை வரைக்கும் இருபது ஒலிபெருக்கிக் குழாய். காணாமல் போன பிள்ளை, தொலைந்துபோன பை, பிரிந்துபோன பெண்டாட்டி, எல்லாம் ஒரே இடத்திலிருந்து அறிவிக்கலாம்.

"உங்க குரல் வெண்கலம் சார். வேற ஆளே கிடையாது."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? அவர் தெருமுனை திரும்புவதற்குள் தொண்டைக்குக் கற்கண்டு வாங்க ஆள் அனுப்பிவிட்டேன்.

4-12-1957

இரண்டு நாளில் நாற்பத்தொரு பிள்ளைகளைத் தாயிடம் சேர்த்திருக்கிறேன். நான் சேர்த்தேன் என்பது கொஞ்சம் ஜாஸ்தி. குழாய் சேர்த்தது. சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள், நான் படிக்கிறேன். ஒரு அம்மாள் பிள்ளை கிடைத்ததும் என்னைக் கும்பிடவில்லை, கம்பத்தில் தொங்கின குழாயைக் கும்பிட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

ஆனால் ஒன்று. எந்த ஜனம் பக்கத்து வீட்டுக்காரன் வந்து சொன்னால் "யார் சொன்னது, எப்போ சொன்னது" என்று ஆயிரம் கேள்வி கேட்குமோ, அதே ஜனம் குழாய் சொன்னால் ஒரு கேள்வி கேட்பதில்லை. எழுந்து ஓடுகிறது.

கமிட்டி பிளாஸ்கில் காப்பி வைக்கிறது. நல்ல காப்பி.

5-12-1957, தீபம்

மத்தியானம் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் சீட்டு கொடுத்தான். பையில் பேனா வேறு. "அடி அண்ணாமலை காசி அவர்களே, உமது மனைவி பச்சையம்மாள் அம்மணியம்மன் கோபுர வாசலில் மயங்கி விழுந்துவிட்டார். உடனே வரவும்."

மூன்று தடவை படித்தேன். மூன்றாம் தடவை குரலில் கொஞ்சம் நடுக்கம் சேர்த்தேன். சீட்டில் அது இல்லை, என் கைச்சரக்கு. அங்கேயிருந்த இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குத் திருப்தியாக இருந்தது.

6-12-1957

பச்சையம்மாள் மயங்கவும் இல்லை, கோபுர வாசலுக்கு வரவும் இல்லை. அடி அண்ணாமலையில் வீட்டில் உலை வைத்துக்கொண்டிருந்தாளாம். காசி சந்தையில் தன் ஜோடிக் காளையோடு நின்றிருக்கிறான். என் குரல் கேட்டுப் பதறியிருக்கிறான். பக்கத்தில் நின்ற இன்னொரு வெள்ளைச் சட்டை, "நீ ஓடுய்யா, கயிறை நான் பிடிச்சுக்கிறேன்" என்றிருக்கிறான். திரும்பி வந்தபோது சட்டையும் இல்லை, காளையும் இல்லை.

இன்று காலை மைக் கொட்டகைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடியில் காசி என்னைப் பிடித்துக்கொண்டான். யாரும் இல்லை, நல்லவேளை. கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நீ இன்னா மனுசன்யா? கிளி ஜோசியக்காரன் கிளி. நெல்லு போட்டா சீட்டு எடுக்கும். இன்னா சீட்டு, எவன் சீட்டுன்னு அதுக்கு இன்னா தெரியும்?"

போய்விட்டான்.

எனக்கு நெல் கூட இல்லையே, காப்பிதானே என்று சொல்லத் தோன்றியது. இதை யாரிடமும், கனகாம்பாளிடமும்கூட, சொல்லப் போவதில்லை.

9-12-1957

கமிட்டி பொன்னாடை போர்த்தியது. போட்டோ எடுத்தார்கள். காளை விஷயத்தை யாரும் பேசவில்லை. "ஒண்ணு ரெண்டு அப்படித்தான் இருக்கும் சார்" என்றார் உமாமகேஸ்வரன். அவர் காளை இல்லையே!

16-3-1958

இன்றும் ஒரு சந்தைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இது நாலாவது. எல்லா மாடும் என்னைப் பார்த்தது. காசியின் காளை எது என்று எனக்கு எப்படித் தெரியும்? குரலை மட்டும் கொடுத்தவன்தானே நான்.

காசி கூலிக்குப் போகிறானாம். நிலத்தைப் பாதிக்கு மேல் தரிசாகப் போட்டுவிட்டானாம். கிளி கிளி என்று காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. சீ.

10-11-1958

கமிட்டி கூட்டம். இந்த வருஷமும் நானே. ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன்: சீட்டு கொடுப்பவர், தனக்கும் கேட்பவருக்கும் மட்டுமே தெரிந்த ஓர் அடையாளத்தையும் எழுதித் தரவேண்டும். அதையும் சேர்த்துப் படிப்பேன். எவனும் ஏமாற்ற முடியாது. எல்லாரும் கை தட்டினார்கள்.

வீட்டில் சொன்னேன். கனகாம்பாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "ஏங்க, ரகசியத்தை மைக்ல சொன்னா அது எப்படிங்க அடையாளம்?"

பொம்பளைக்கு விஞ்ஞானம் புரியாது.

22-11-1958

இன்று படித்த சீட்டுகளில் சில:

"அடையாளம்: போன ஆடியில் மாமியாரைக் கிணற்றடியில் தள்ளிவிட்டு வழுக்கி விழுந்ததாகச் சொன்னது."

"அடையாளம்: மூத்த தாரம் இருப்பதை மறைத்து என்னைக் கட்டினது."

"அடையாளம்: உமக்கு எங்கே மச்சம் என்று தெரிந்தவள்." நல்லவேளை, எங்கே என்று எழுதவில்லை.

கடலைக்காரன் கடையை மூடிவிட்டு வந்து குழாய்க்குக் கீழே உட்கார்ந்துவிட்டான். திருவிழாவில் இதைவிட நல்ல வேடிக்கை இல்லையாம்.

23-11-1958

செங்கம் ரோட்டு ஜவுளிக்கடைக்காரர் பெண்சாதி பொன்னி, புருஷனைத் தேடிச் சீட்டு கொடுத்தாள். "அடையாளம்: பீரோ சாவியை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டு வந்தவள்." வெண்கலக் குரலில் மூன்று தடவை படித்தேன்.

புருஷன் வந்து சேர்ந்தார். இரண்டு பேரும் வீட்டுக்குப் போனார்கள். பீரோ திறந்து கிடந்தது. பானையில் அரிசி மட்டும் இருந்தது.

கனகாம்பாள் சோற்றைச் சத்தமாக வைத்தாள்.

25-11-1958, தீபம்

நடந்ததை இன்றே எழுதிவிட வேண்டும்.

நாலு மணிக்கு ஒரு பெண் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். ராஜம்மாள், பச்சையம்மாளின் அக்கா. பச்சையம்மாளுக்கு மாசம் நிறையவில்லை, வலி வந்து நினைவு தப்பிவிட்டது. வண்டியில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும், புருஷன் கைநாட்டு வேண்டும் என்கிறாள் லேடி டாக்டர். காசி சந்தையில் எவனோ ஒருவன் மாட்டுக்குக் கயிறு பிடிக்கப் போயிருக்கிறான். அத்தனை ஆயிரம் மாட்டில் எங்கே தேடுவது?

படித்தேன். மயங்கி விழுந்தாள், உடனே வா— ஐயோ, போன வருஷத்துச் சீட்டேதான்! என் வாயால் அதே வார்த்தை. மூன்று தடவை. காசி வரவில்லை. நான் அவனாக இருந்தாலும் வரமாட்டேன்.

"அடையாளம் ஏதாவது சொல்லும்மா" என்று ராஜம்மாளைக் கேட்டேன்.

"புருசன் பொண்டாட்டிக்குள்ள நடந்தது எனக்கு எப்டியா தெரியும்?" தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

யாருக்குத்தான் தெரியும்? காசிக்கும் இன்னொரு ஆளுக்கும் மட்டும் தெரிந்தது இந்த உலகத்தில் ஒன்றுதான் எனக்குத் தெரியும்; அந்த இன்னொரு ஆள் நான். மைக்கைப் பிடித்தேன். வெண்கலம் எங்கே போச்சோ, தகரம் மாதிரி வந்தது.

"காசி! நான் தமிழ் வாத்தி சம்பந்தமூர்த்தி பேசுறேன். போன வருஷம் குழாயடியில என்னை நீ கிளின்னு சொன்னே. கிளி ஜோசியக்காரன் கிளி, நெல்லு போட்டா சீட்டு எடுக்கும்னு சொன்னே. நீ சொன்னது வாஸ்தவம்யா. நான் கிளிதான். ஆனா இந்தச் சீட்டு யாரோடதுன்னு கிளிக்குத் தெரியும். உன் பொண்டாட்டியோட அக்கா பக்கத்துல நிக்கிறா. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடு, காசி. ஓடுய்யா!"

இருபது குழாய். தேரடியிலிருந்து சந்தை வரைக்கும் சிரிப்பு. என் மாணவர்கள் விசிலடித்தார்கள். உமாமகேஸ்வரன் "என்ன சார் இது, கமிட்டிக்குக் கேவலம்" என்று மைக்கைப் பிடுங்கினார். பிடுங்கட்டும்.

ராஜம்மாளோடு நானும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். காசி எங்களுக்கு முன்னால் வந்திருந்தான். ஊரான் காளைகளை விடவில்லை. இரண்டையும் இழுத்துக்கொண்டே வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றான். ஒரு கையில் கயிறு, இன்னொரு கைப் பெருவிரலில் மை. கயிற்றைப் பிடித்துக்கொள்ளக் கை நீட்டினேன். என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு கொடுத்தான்.

மலையில் தீபம் ஏற்றியபோது நான் இரண்டு காளைகளோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஏழு மணிக்குமேல் ராஜம்மாள் வெளியே வந்தாள். பெண் குழந்தை. தாயும் பிழைத்துக்கொண்டாள்.

முதலில் நான் படித்த மூன்று தடவையும் கேட்டானாம் காசி. கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தானாம்.

1-12-1958

கரும்பலகையில் கிளிப் படம். மூக்குக்கண்ணாடியோடு. மோசமில்லை, நன்றாகவே வரைந்திருக்கிறான். அழிக்காமல் பாடம் நடத்தினேன்.

கமிட்டி அடுத்த வருஷத்துக்கு வேறு குரல் தேடுகிறது. எந்தக் குரலாக இருந்தாலும் சீட்டு அதேதான்.

16-1-1959

உள்ளே படுத்திருந்தேன். வாசலில் ராஜம்மாள் குரல். அடி அண்ணாமலையிலிருந்து காசி கொடுத்தனுப்பினதாக ஒரு சுருக்குப்பை. கனகாம்பாள் வழக்கம்போல வாங்கவில்லை.

"அடையாளம் என்ன சொன்னார்?"

"கிளிக்குன்னு சொல்லச் சொன்னாரும்மா."

ஊருக்கே தெரிந்த அடையாளம். செல்லாது என்று சொல்வாள் என்றுதான் நினைத்தேன். அவள் பையை வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்தாள். பிரித்துப் பார்த்தேன். புது நெல், ஒரு கைப்பிடி.