மழை விளையாட்டு யார் செய்தது?

செவ்வாய், இரவு.

இந்த ஆண்டு முதலீட்டுப் பணம் முழுவதும் கூட வேலை செய்யும் செல்விக்குப் போய்விட்டது. எங்கள் கேம் கம்பெனியில் ஆண்டுக்கு ஒரே விளையாட்டுக்குத்தான் முதலீடு. எதை யார் செய்தது என்று தெரியாத ஒருவரிடம் எல்லா விளையாட்டும் உள்ள போனைக் கொடுப்பார்கள்; அவர் கீழே வைக்காத விளையாட்டுக்குப் பணம்.

இன்று வெளியாள் கிடைக்கவில்லை. எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவியிடமே முதலாளி கொடுத்துவிட்டார். என் மழை விளையாட்டை இரண்டே நிமிடத்தில் மூடினாள். போடி மெட்டு மலைப்பாதையில் ஜீப் ஓட்டும் செல்வியின் விளையாட்டை விடவே இல்லை.

மனைவி போனதும் முதலாளி, “ஒன் வீட்டுல உள்ளவுகளே அதத்தான ஆடுறாக, நான் என்னப்பா செய்ய?” என்றார். செல்வி சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால் திட்டவாவது செய்திருப்பேன்.

வீட்டில் மனைவி கேட்டாள்: “ஏங்க, அந்த மழை வெளாட்டு யாரு செஞ்சது? ஆடையிலயே தூக்கம் வருது.”

செல்வி என்று கூசாமல் சொன்னேன்.