விரல் நுனி

அன்புள்ள அக்கா,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. வலது கையில் மாவுக்கட்டு, இடது கையால் எழுதுகிறேன்.

"கீழ போட்டவனையேவா கட்டிக்கப் போறா?" என்று அப்பா கேட்டதாக எழுதியிருந்தாய். நான் கட்டிக்கொள்ளப் போகிறவர்தான் நான்கு வருடமாக சர்க்கஸ் ஊஞ்சலில் என்னைப் பிடிக்கிறவர். ஒருமுறைகூட விட்டதில்லை, நான் விழுந்த அன்றைக்கும்தான். நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கம், அவ்வளவுதான்.

விடுமுறையன்று எங்கள் சர்க்கஸ் கூட்டமே ஒரு பிரெஞ்சுப் படத்துக்குப் போனோம். சர்க்கஸ்காரர்களின் காதல் கதை, ஒரே கூத்து. பறந்து வருகிறவள் விரலை நீட்டுகிறாள், தலைகீழாகத் தொங்குகிறவன் விரல் நுனியைப் பிடித்தே தூக்கிவிடுகிறான். கோமாளி அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். நாங்கள் மணிக்கட்டோடு மணிக்கட்டைத்தான் பிடிப்போம். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அழகாக இருந்தது.

மறுநாள் ஒத்திகையில் நானும் விரலை நீட்டினேன். வலையின் ஓரத்தில் போய் விழுந்தேன். நான் எழுவதற்குள் அவர் இறங்கி வந்து, "என்னடி பண்ணித் தொலைச்ச?" என்றார். கண் கலங்கியிருந்தது. ஆனால் மேலாளரிடம், "என் பிடிதான் தவறிடுச்சு" என்றார். அதைத்தான் மேலாளர் உங்களுக்குப் போனில் சொன்னார்.

கட்டுப் பிரித்த மறுவாரம் கல்யாணம். யார் வராவிட்டாலும் நடக்கும். என் கையைப் பிடித்துக்கொடுக்க அப்பாவுக்கு மனமில்லையென்றால் போகட்டும். எங்கே பிடிக்க வேண்டும் என்று மேலே தொங்குகிறவருக்குத் தெரியும். எதை நீட்ட வேண்டும் என்று இப்போது எனக்கும் தெரியும்.

உன் அடங்காத தங்கை