நிறுத்தும் வரி

4 நவம்பர் 2021, கோர்ட்ரெய்க்

எனக்கு மறதி வந்துவிட்டது என்று ரொட்டிக்கடையில் பேசிக்கொள்கிறார்களாம். கம்பெனிக்காக அந்த நிரல் கோப்பை எழுதியபோது எனக்கு நாற்பத்தைந்து வயது. மறப்பதற்கு நேரமே இருந்ததில்லை.

போன மாதம் கால்வாய் மதகின் கதவு, ஆள் நிற்கும்போதே மூடிக்கொண்டது. மதகுக்காரர் ஓடிலுக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின. கதவை இயக்கும் நிரலில், மற்ற பகுதிகளுக்கெல்லாம் அளவு சொல்லும் என் ஹெடர் கோப்புதான் பழுது என்கிறது கம்பெனி.

5 நவம்பர்

கோபத்தில் குழம்பாமலிருக்க எழுதி வைக்கிறேன். கதவின் நிலையைச் சொல்லும் எண்கள் இடைவெளியின்றி ஒட்டி நிற்க வேண்டும். அதை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஒவ்வொரு கம்பைலருக்கும் அதற்குரிய கட்டளையில் சொல்ல வேண்டும். தெரியாத கட்டளையென்றால் சில கம்பைலர்கள் வாய் திறக்காமல் தாண்டிப் போய்விடும். எண்கள் இடம் மாறும். பாதி மூடிய கதவு திறந்த கதவாகத் தெரியும்; இயந்திரம் அதை மூடப் பார்க்கும். அதற்காகத்தான் கடைசியில் ஒரு வரி வைத்தேன்: பட்டியலில் இல்லாத கம்பைலர் என்றால், அங்கேயே நில்.

9 நவம்பர்

விசாரணையில் அதையே சொன்னேன்.

“அந்த வரி இப்ப கோப்புல இல்லையே, மேடம்?” என்றார் கம்பெனி இயக்குநர் டெப்ரே.

“எடுத்தவங்களைக் கேளுங்க.”

போன வருடம் கம்பைலரை மாற்றியவள் ஹில்டே. நான் ஓய்வு பெற்றபின் என் நாற்காலியில் பதினான்கு வருடமாக இருப்பவள். அவளும் அங்கே உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

10 நவம்பர்

ஹில்டேயை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

13 நவம்பர்

ஹில்டே வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“நான் கோப்பைத் திறந்தப்பவே அந்த வரி இல்ல. சத்தியமா.”

“நான் வெச்ச வரி எங்க போச்சு? கால் முளைச்சு நடந்துச்சா?”

“பள்ளிக்கூடத்துல கன்னியாஸ்திரிங்க உங்களுக்கு எல்லாத்தையும் சொல்லிக்கொடுத்தாங்க. உங்களையே சந்தேகப்பட மட்டும் சொல்லித்தரல.”

காப்பியைத் தொடாமல் போனாள். எவ்வளவு திமிர்!

15 நவம்பர்

அவள் வாயை அடைக்கவே அந்தக் கோப்பின் பழைய அச்சுத்தாள்களைப் பரணிலிருந்து இறக்கினேன்.

1993 மார்ச் 12. வரி இருக்கிறது. மேலே சிவப்புப் பென்சில் கோடு. ஓரத்தில், கன்னிமடத்தில் விரலில் அடிவாங்கிப் படிந்த கையெழுத்து: ‘புதுக் கம்பைலரைச் சோதிக்கத் தற்காலிகமாக நீக்கம். திங்களன்று சேர்க்க.’

அடுத்த தாளில் வரி இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. அந்தச் சோதனையைக் கைவிட்டோம். பழைய கம்பைலரோடு இருபத்தேழு வருடம் ஓடியது, யாருக்கும் தெரியவில்லை.

என் கை. ஐயோ, என் கையேதான்.

அன்று என் கணவர் ஆகீலுக்கு நெஞ்சுவலி, அதனால் மறந்தேன் என்று சாக்கு எழுத வந்தது. பொய். அவர் அதன்பின் பதினோரு வருடம் திடமாக இருந்தார்.

16 நவம்பர்

தோழி லுட்கார்டிடம் மட்டும் தொலைபேசியில் சொன்னேன். “அந்தத் தாளைக் கொளுத்திப் போடுடி. யாருக்குத் தெரியப்போகுது?” என்றாள்.

யாருக்கும் தெரியாது. நேற்றிலிருந்து எனக்கும் அந்த எண்ணம்தான்.

17 நவம்பர்

டெப்ரேக்கு அனுப்பிய கடிதத்தின் நகல்:

‘அந்த வரியை நீக்கியது நான். திரும்பச் சேர்க்காததும் நான். அச்சுத்தாளின் மூலப்பிரதியை இணைத்துள்ளேன். ஒன்பதாம் தேதி நான் சொன்னது தவறு. ஓடிலுக்கும் ஹில்டேக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். ஹில்டே எந்தத் தேதியில் வேலைக்குத் திரும்புகிறார் என்பதை எனக்கு எழுத்தில் தெரிவிக்கவும். தொலைபேசியில் வேண்டாம்.’