ஆற்றங்கரைச் சத்திரம்

வலியசாலை, திருவனந்தபுரம்
9-2-1953

அன்பு மிகுந்த அக்கா உலகம்மைக்கு, தம்பி வேலப்பன் வணக்கம்.

குழித்துறை ஆற்றங்கரைச் சாலையை அகலமாக்க நம் சத்திரத்தை இடிக்கப்போவதாக எழுதியிருந்தீர்களே. அதைப் பாதுகாக்க வேண்டுமென்று தொல்பொருள் இலாகாவுக்கு மனு எழுதினேன். கல் தூண்கள், மரச் சாய்வுக்கூரை, படித்துறை எல்லாவற்றையும் விவரித்தேன். கட்டிய காலம்தான் நிச்சயமில்லை, இருமுறை திருத்தினேன். மனுவை ஏற்றுவிட்டார்களாம். இனி இடிக்கமாட்டார்கள். அப்பா விசாரிப்புப் பார்த்து நடத்திய இடம் நிற்கும்.

வேலப்பன்

குழித்துறை
2-3-1953

தம்பிக்கு,

ஆபீஸர் வந்தார். தூணைத் தடவித் தடவிப் பார்த்தார். அடுக்களைக்கு வந்ததும், "இது யார் பானை?" என்றார். "வழிப்போக்கருக்குச் சோறு பொங்குகிறவள் பானை" என்றேன். இலாகா பாதுகாக்கிற கட்டடத்தில் அடுப்பு எரியக்கூடாதாம், ஆளும் தங்கக்கூடாதாம். சித்திரைக்குள் நான் இறங்கவேண்டும்.

தூணையெல்லாம் எழுதினாயே, எலே, என்னை எழுதினாயா?

சத்திரம் பிழைத்தது. நான் எங்கே போக?

உலகம்மை

வலியசாலை
7-3-1953

அக்காவுக்கு,

ஆள் குடியிருப்பதாக எழுதினால் வெறும் வீடு என்று தள்ளிவிடுவார்களோ என்று பயந்து விட்டுவிட்டேன். வேறு மனு எழுதுகிறேன்.

இங்கே வரலாமென்றால், என் வீட்டில் இரண்டே அறைகள். ஒன்றில் மழைக்கு ஒழுகும். தண்ணீர் தெருக்கிணற்றில் எடுக்கவேண்டும். கோயில் பக்கம்தான், ஆனால் உங்களுக்கு ஆற்றுக்குளி பழக்கம். யோசிக்கவேண்டிய விஷயம்.

வேலப்பன்

கோட்டாறு, நாகர்கோவில்
20-4-1953

தம்பிக்கு,

கொழுந்தன் மகள் நீலாம்பாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் ஒன்றும் யோசிக்கவில்லை; வண்டியோடு வந்து நின்றாள்.

கடைசி நாளும் அந்திக்கு நடை சாத்துமுன் வழக்கம்போல் வாசலில் நின்று, "உண்ணாதவர் யாரேனும் உண்டோ?" என்று கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. உன் வீட்டில் கிணறு எங்கே என்று நான் கேட்டேனா?

உலகம்மை

வலியசாலை
11-8-1953

அக்கா,

நேற்று பஸ் ஏறிக் குழித்துறை போனேன். சுவரெல்லாம் வெள்ளை. அடுக்களைப் புகைக்கரியைக்கூடச் சுரண்டிவிட்டார்கள். அந்தியில் வாசலில் நின்று நீங்கள் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. காவல்காரன், "ஸாரே, அடைக்கணும், இறங்கிக்கோ" என்றான்.

இரண்டாவது மனுவை அனுப்பவில்லை. அந்தக் கட்டடம் இனி எனக்கு வேண்டாம்.

ஒழுகிய அறைக்கு ஓடுகளை மாற்றியாயிற்று. இன்று இரண்டு பேருக்குப் பொங்கினேன், மீந்துபோயிற்று. நாளைக்கும் அப்படியே பொங்குவேன்.

வா அக்கா. இந்தத் தடவை நான் யோசிக்கவில்லை. நாளை மறுநாள் வண்டியோடு நீலாம்பாள் வாசலில் நிற்பேன்.

வேலப்பன்