ஸ்விட்சின் மேல் தொங்கும் காந்தம்

என் அருமை மச்சான் சேவியருக்கு,

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. சொல்ல வேண்டிய செய்தி நிறைய சேர்ந்துவிட்டது. நம் டீக்கடையில் கண்ணாடி டம்ளரை ஒழித்துவிட்டு பேப்பர் கப் கொண்டுவந்துவிட்டார்கள். நீ இருந்திருந்தால் ஒரு வாரம் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டாய், எட்டாம் நாள் போயிருப்பாய். உன் மகள் ஜெனி பத்தாவதுக்கு வந்துவிட்டாள். கணக்கில் உன்னை மாதிரி, வாயில் என் தங்கச்சி மாதிரி. நாங்கள் பிழைப்போம், கவலைப்படாதே.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. உன்னிடம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதினால்தான் பின்வாங்க மாட்டேன் என்று தோன்றியது.

படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும், அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். துறைமுகத்தில் கிரேன் எலெக்ட்ரீஷியன் நீ. பள்ளிக்கூடத்தில் எனக்கு சிநேகிதன், பிறகு என் தங்கச்சி ஸ்டெல்லாவைக் கட்டியதால் மச்சான். ராயபுரத்து வீட்டு மாடி அறையில் நீ ஒரு மிஷின் செய்தாய். கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் மரத்தில் தானாகச் செதுக்கும் சி.என்.சி. ரௌட்டர். மோட்டாரும் போர்டும் பார்சலில் வந்தன. மற்றதெல்லாம் நீயும் நானும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மாட்டுக்கறிக் குழம்பு தயாராகும்வரை முடுக்கிய போல்ட்டுகள்.

முதல் வேலை ஞாபகம் இருக்கிறதா? 'ஸ்டெல்லா இல்லம்' என்று பன்னிரண்டு அங்குலத்தில் வாசலுக்கு ஒரு போர்டு. நீ அங்குலத்தில் வரைந்தாய், மிஷின் மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டது. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கீறல் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நின்றுவிட்டது. ஸ்டெல்லா அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "இன்னாது இது, எறும்பு வூட்டுக்கா போர்டு?" என்றாள். அந்தத் துண்டு இன்றைக்கும் மாதா படத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

பிறகு கை தேறிவிட்டது. கேரம் காய் வைக்கிற பெட்டி, மீன் வடிவத்தில் செல்போன் ஸ்டாண்டு, காசிமேட்டு நண்பர்களின் படகுகளுக்குப் பெயர்ப்பலகை. காசு கேட்டால் உனக்குக் கோபம் வரும். பொழுதுபோக்குக்குக் கூலி வாங்கினால் அதுவும் ஷிப்ட்டு ஆகிவிடும் என்பாய். வஞ்சிரம் வந்தால் மட்டும் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொள்வாய்.

நமக்கு மரம் வந்தது கப்பலிலிருந்து. சரக்கு நகராமல் இருக்க அடியில் முட்டுக்கொடுக்கும் பலகைகள், பழைய மரக்கடையில் கிடைக்கும். எந்த தேசத்து மரமோ, அறுத்தால் வாசனை தூக்கும். ஆனால் உள்ளே ஆணி முறிந்து புதைந்திருக்கும், வெளியே தெரியாது. அதனால் நீ பழைய ஸ்பீக்கரிலிருந்து ஒரு காந்தம் கழற்றி வைத்திருந்தாய். மெதுவடை மாதிரி, நடுவில் ஓட்டையோடு. எந்தப் பலகையானாலும் இரண்டு பக்கமும் அதை ஓட்டிப் பார்க்காமல் மிஷினில் ஏற்ற மாட்டாய்.

போன கிறிஸ்துமஸுக்குக் குடிலில் வைக்க, பாலன் இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களைச் செதுக்கினோம். இரண்டு பேர் நல்லபடியாக வந்துவிட்டார்கள். மூன்றாவது ராஜாவுக்குப் பலகை கொண்டுவந்தது நான். அன்றைக்கு ஏழு மணி நேர வேலை, காலையிலேயே ஆரம்பிக்க வேண்டும் என்று அவசரப்படுத்தியதும் நான்தான். நீ கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "காந்தம் ஓட்டுனியா மச்சான்?" என்று கேட்டாய். ஓட்டிட்டேன் என்றேன்.

ஓட்டவில்லை, சேவியர். பலகையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நிமிட வேலைக்குச் சோம்பல்பட்டு உன் முகத்துக்கு நேராகப் பொய் சொன்னேன்.

ஐந்தாவது மணி நேரத்தில் ராஜாவின் தாடிக்குக் கீழே ஆணி இருந்தது. வெட்டுகிற பிட் முறிந்து பறந்து உன் கன்னத்தைக் கிழித்தது. இன்னும் ஒரு அங்குலம் மேலே என்றால் கண். பலகை நெடுக வெடித்துவிட்டது. நீ ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். நானோ, ஆணி ரொம்ப ஆழம் போல, காந்தத்துக்குத் தட்டவில்லை என்று காந்தத்தின் மேல் பழி போட்டேன். "நீ கீழ போ மச்சான். மிஷின் கிட்ட இனிமே வராத" என்றாய், சத்தமே போடாமல். நீ கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பிறகு பேசினோம், பேசாமல் இல்லை. கிறிஸ்துமஸுக்குக் கேக் ஊட்டினாய். ஆனால் மாடிக்குக் கூப்பிடவில்லை, நானும் ஏறவில்லை. குடிலில் இரண்டு ராஜாக்களோடு பாலன் பிறந்தார். பிப்ரவரியில் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. உண்மையைச் சொல்லக்கூட எனக்கு நீ ஒரு நாள் மிச்சம் வைக்கவில்லையே.

உன் கல்லறைக்கு இன்னும் கல் கட்டவில்லை. மண் இறங்க ஒரு வருஷம் ஆக வேண்டும் என்கிறார்கள். சவப்பெட்டிக் கடையில் வாங்கி நட்ட சிலுவையில் உன் பெயர் மழையில் கரைந்துவிட்டது. கல்லறைத் திருநாளுக்குள் புதுச் சிலுவை வேண்டும், அதுவும் உன் மிஷினிலேயே நான் செய்ய வேண்டும் என்று ஸ்டெல்லா கேட்டாள். கடையில் கொடுத்துவிடலாம் என்றேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காவது நாள் காலையில் வந்து, கையைப் பிடித்து இழுக்காத குறையாக மாடிக்குக் கூட்டிப்போனாள்.

மிஷினின் மேல் அவளுடைய பழைய புடவை போர்த்தியிருந்தது. எடுத்தேன். ஓட விடுகிற பச்சை ஸ்விட்சின் மேலேயே, ஒரு கயிற்றில், அந்தக் காந்தம் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கையில் எடுக்காமல் ஸ்விட்சை அழுத்தவே முடியாது.

இது எப்போதிருந்து இருக்கிறது என்று கேட்டேன்.

"கிறிஸ்மஸ் முடிஞ்ச வாரம் கட்டுனாரு" என்றாள்.

சேவியர் எப்போது மறந்தான், அவனுக்கு எதற்கு இது என்றேன்.

"அவருக்கா? அது உனக்குண்ணே. நானும் கேட்டேன். 'ஓட்டுனியான்னு கேட்டாதான அவன் பொய் சொல்லுவான். இனிமே கேக்கவே வாணாம் பாரு'ன்னாரு. தவக்காலத்துக்கு முன்னாடி உன்ன மேல கூப்புடணும்னு சொல்லிக்கினே இருந்தாரு."

அப்படியென்றால் உனக்குத் தெரிந்திருக்கிறது. கன்னத்தில் பிளாஸ்திரியோடு எனக்குக் கேக் ஊட்டியபோதே தெரியும். தெரிந்துகொண்டு, என்னைத் திருத்தப் பார்க்காமல், எனக்குப் பொய் சொல்ல இடமில்லாதபடி ஒரு கயிறு கட்டியிருக்கிறாய். அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன், மச்சான். ஐம்பது வயதில் மரத்தூளில் உட்கார்ந்து அழுதால் தும்மலும் வரும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு காந்தத்தை எடுத்து, சிலுவைக்கு வைத்திருந்த பலகையில் ஓட்டினேன். முன்பக்கம் ஒன்றுமில்லை. பின்பக்கம், பாதி வந்ததும், டக்கென்று ஒட்டிக்கொண்டது. ஸ்டெல்லா எட்டிப் பார்த்து, "சிலுவன்னா ஆணி இல்லாமயா இருக்கும்" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நீ போனபிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். சிரிப்பு முடிகிற இடத்தில் அழுகை வந்தது, அதையும் இருந்து கேட்டேன். உளியால் தோண்டி ஆணியை எடுத்தேன். மறுபடியும் இரண்டு பக்கமும் ஓட்டினேன்.

சிலுவை நன்றாக வந்திருக்கிறது. பெயரை ஆழமாக வெட்டியிருக்கிறேன், எந்த மழைக்கும் கரையாது. அங்குலமா மில்லிமீட்டரா என்று நாலு தடவை பார்த்தேன், அதற்காக ஜெனி என்னைக் கிண்டல் செய்தாள். கல்லறைத் திருநாளன்று ஃபாதர் தீர்த்தம் தெளித்தபோது உன் பக்கத்துக் கல்லறைக்காரர்கள் எங்கே செய்தது என்று விசாரித்தார்கள். அவர் மிஷின்லயே செய்தது என்றாள் ஸ்டெல்லா, பெருமையாக.

உன் சிலுவையில் கை வைத்து மன்னிச்சுடு என்று சொன்னேன். எனக்கு முன்பே மன்னித்துவிட்டாய் என்று தெரியும், ஆனாலும் நான் சொல்ல வேண்டும் இல்லையா?

கிறிஸ்துமஸ் வருகிறது. மூன்றாவது ராஜாவுக்குப் புதுப் பலகை மிஷினுக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கிறது. இந்த வருஷம் குடிலில் மூன்று பேரும் இருப்பார்கள், சத்தியம். காந்தம் ஓட்டியாகிவிட்டது, சேவியர். இரண்டு பக்கமும். நீ கேட்காமலே சொல்கிறேன்.

இனி உன்னிடம் பொய் சொல்லாத,
உன் மச்சான்,
அந்தோணி