மே மாதத்தில் கட்டிய மார்ச் கயிறு

ஸ்தாரா ஸாகோரா,
மே 23

அன்புள்ள ரலிட்சாவுக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், அதாவது இரண்டு பேரும் எழுந்து வேலைக்குப் போகிறோம், திரும்பி வருகிறோம், எதுவும் உடையவில்லை. உன் சுகத்தைப் பற்றி அம்மாவுக்கு நீ அனுப்பும் "நல்லா இருக்கேன்" என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. என் போனை நீ எடுத்துப் பத்தொன்பது நாள் ஆகிறது. அதனால்தான் காகிதம். காகிதத்தை யாரும் கட் பண்ண முடியாது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன், சுற்றி வளைக்க எனக்கு வராது என்று உனக்கே தெரியும். அன்றைக்கு நீ போனில், அந்த வடகோடி மீன் ஃபேக்டரி ஊரில் மே மாதத்திலும் பனிதான், ஒரு மரம்கூடப் பூக்கவில்லை, நாரை என்ற பறவையே அந்தப் பக்கம் கிடையாது, நாரையையோ பூத்த மரத்தையோ பார்த்தால்தான் கழற்றலாம் என்று மார்ச் ஒன்றாம் தேதி கட்டிய சிவப்பு வெள்ளைக் கயிறு மீன் நாற்றம் பிடித்துக் கையிலேயே கறுத்துப் போயிற்று, "எனக்கு இங்க எதுவுமே நல்லா இல்லப்பா, என்ன பண்ணட்டும்" என்றாய். நான் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "வீட்ல கத்திரிக்கோல் இல்லையா? வெட்டிப் போடு" என்றேன். நீ "சரி" என்று வைத்துவிட்டாய். புகார் வந்தது, காரணம் தெரிந்தது, சரி செய்தாயிற்று என்று நினைத்துக்கொண்டு நான் சாப்பிட உட்கார்ந்தேன். இதை அப்படியே உன் அம்மாவிடமும் சொன்னேன். அவள் ஆஸ்பத்திரிச் சலவையில் இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து நிற்க முடியாமல் நின்றுகொண்டிருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏன்டா ஸகாரி, பொண்ணு கயிறைப் பத்தியா கேட்டா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். இருபது வருஷக் கல்யாணத்தில் என்னை இவ்வளவு சுருக்கமாக யாரும் முட்டாள் ஆக்கியதில்லை.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். மறுவாரம் சமையலறை விளக்கு போய், அம்மா என் டூல்பாக்ஸைத் திறந்து ஃபியூஸ் டப்பாவை எடுத்திருக்கிறாள். உள்ளே ஃபியூஸுக்கு அடியில் உன் கயிறுகள். நீ ஏழு வயதிலிருந்து வருஷத்துக்கு ஒன்றாக எனக்குத் திரித்துக் கொடுத்தது எல்லாம், போன மார்ச்சில் தபாலில் வந்ததும் சேர்த்துப் பன்னிரண்டு. "பூத்த மரத்துல கட்டினேன், நாரையைப் பார்த்துட்டுக் கழட்டினேன்னு வருஷா வருஷம் சொன்னியே, எந்த மரம்? இந்தத் தகர டப்பாவா?" என்றாள்.  லிஃப்ட் ரிப்பேர் வேலையில், சுற்றுகிற சக்கரத்துக்குப் பக்கத்தில் கையில் கயிறு, மோதிரம், வாட்ச் எதுவும் கூடாது என்பது எங்கள் விதி, அதனால் மார்ச் ஒன்றாம் தேதி காலை ஏழரைக்கே கழற்றி டப்பாவில் போட்டுவிடுவேன், அது தப்பில்லை. ஆனால் நான் எதையும் பார்க்காமலே பார்த்தேன் என்று உன்னிடம் சொன்னேன், அது தப்பு. உனக்கு ஒன்பது வயதில், மாவு மில் பக்கத்துக் கம்பத்தில் ஒற்றைக் காலில் நாரை நின்றது என்று அளந்துவிட்டேன். நீ பஸ் ஏறிப் போய் அந்தக் கம்பத்தடியில் காத்திருந்துவிட்டு வந்து, "அது பறந்து போயிருக்கும்ப்பா, நீ கவலப்படாத" என்று எனக்குச் சமாதானம் சொன்னாய். இத்தனை வருஷம் கழித்து அது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

நம் வாசலில் இருக்கும் பிளம் மரம் ஒவ்வொரு மார்ச்சிலும் பூக்கிறது. அதன் அடியில்தான் வேனை நிறுத்துகிறேன். அந்தப் பூவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அது வைப்பர் இடுக்கில் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் வடியாது, ஸ்க்ரூடிரைவரால் நோண்டி எடுக்க வேண்டும் என்பதுதான். பூத்த மரத்தைத் திட்டிக்கொண்டே வேனைக் கழுவியிருக்கிறேன் ம்மா.

சரி, திங்கட்கிழமை அந்த டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டேன். நீ ஒன்பது வயதில் செய்தது, சிவப்பை விட வெள்ளை தடிமனாக, கோணல் முடிச்சு. மேலே இன்சுலேஷன் டேப் சுற்றி, அதன் மேல் சட்டைக் கையை இறுக்கப் பட்டன் போட்டுக்கொண்டேன், விதியை மீறவில்லை. மெத்தோடியை உனக்கு ஞாபகம் இருக்கும், என்னோடு வேலை செய்கிறவன், பெரிய வாய். மதியம் கை கழுவும்போது பார்த்துவிட்டான். "என்னடா, உங்க வீட்ல காலண்டர் கிழிக்க ஆளே இல்லையா? மே மாசம்டா மாப்ள! நாரையெல்லாம் வந்து குஞ்சு பொரிச்சாச்சு!" என்று கத்தினான். அன்று ஒரு பத்து மாடிக் கட்டடம், லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் நின்றுகொண்டு மெதுவாக ஏறிப் பார்க்கிற வேலை. அந்த இருட்டுக் குழிக்குள் என்ன நாரை வரப்போகிறது. கையில் கயிறு உறுத்தியதால் சும்மா கவனித்தேன், அவ்வளவுதான். ஒவ்வொரு மாடிக் கதவிடுக்கிலும் ஒரு கோடு வெளிச்சம், அதோடு அந்த மாடி அடுப்பின் வாசனை. இரண்டில் வெங்காயம் வதங்குகிறது. நாலில் யாரோ ஸ்ட்ராபெர்ரி ஜாம் காய்ச்சுகிறார்கள். ஐந்தில் பீன்ஸ் அடிப்பிடித்துவிட்டது, ஒரு பெண் யாரையோ திட்டுகிறாள். ஏழில் ஒருவர் கிளாரினெட் பழகுகிறார், நாலு சுரம், நாலாவது ஒவ்வொரு முறையும் தப்பு. பதினெட்டு வருஷமாக அந்தக் குழிக்குள் ஏறி இறங்குகிறேன், எனக்கு கிரீஸ் வாசனை மட்டும்தான் தெரியும். அந்த ஆள் நாலாவது சுரத்தைப் பிடிக்கிறாரா பார்ப்போம் என்று சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டேன். கீழே ஒரு அம்மாள் கதவைத் தட்டி, "இது லிஃப்டா, சிலையா? எப்பப்பா நகரும்?" என்று கேட்டாள். மெத்தோடி மோட்டார் ரூமிலிருந்து "என்ன பழுது?" என்றான். ஒன்றுமில்லை என்றேன். "பழுதே இல்லாம லிஃப்டை நிறுத்தினவன் இந்த நாட்டுலயே நீ ஒருத்தன்தான்டா" என்றான். அவர் நாலாவதைப் பிடிக்கவே இல்லை. ஆனால் நான் சிரித்தேன்.

இதனால் களைப்பு போயிற்றா என்றால் போகவில்லை. முப்பத்தொன்பது வயதில் முதுகு இப்படி வலிக்கக் கூடாது, வலிக்கிறது. அம்மாவின் கை சோப்புத் தண்ணீரில் வெடித்திருக்கிறது. வீட்டில் மூன்று நாளாக வெந்நீர் இல்லை. அழகைப் பார், எல்லாம் சரியாகிவிடும் என்று உனக்கு எழுத மாட்டேன், அது பொய், பொய் நிறையச் சொல்லியாயிற்று. நாள் முழுக்க நின்று மீன் அறுக்கிற பெண்ணுக்கு ஊர் நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லைதான். திரும்பி வரத் தோன்றினால் வா, பூட்டு மாற்றவில்லை, பழைய சாவியே போதும். இருக்கத் தோன்றினால் இரு. எதுவானாலும் என்னிடம் சொல், நான் ரிப்பேர் பண்ண வர மாட்டேன், கேட்டுக்கொள்கிறேன். ஒன்று மட்டும் விசாரித்து வைத்தேன், சிவப்புக் காய் காய்க்கிற ஒரு மரம் உங்கள் தெருக்களிலெல்லாம் நிற்குமாம், அது ஜூன் கடைசியில்தான் பூக்குமாம். ஆக உன் கயிற்றில் குற்றமில்லை, உன்னிடமும் இல்லை, தேதிதான் தள்ளிப் போயிருக்கிறது. மரமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. நீ எதையாவது பார்த்துவிட்டுக் கழற்றும் வரைக்கும் என் கையில் இருப்பதும் இருக்கும், மெத்தோடி எவ்வளவு கத்தினாலும்.

நான் சொன்னபடி நீ வெட்டிப் போட்டிருந்தால், இந்த உறைக்குள் ஒன்று வைத்திருக்கிறேன். நானே செய்தது, அம்மா நூல் கொடுத்தாள், உதவி செய்ய மாட்டேன் என்றுவிட்டாள். பார்க்க நன்றாக இல்லை, எலி கடித்தது போல இருக்கிறது. ஆனால் முடிச்சு நான் போட்டது, அவிழாது.

உயிரோடும் உடம்பில் பலத்தோடும் இரு, கண்ணு, உன் கை தொட்டது எல்லாம் நன்றாக நடக்கட்டும். உன் அறையில் வெந்நீர் ஓடுகிற ஹீட்டர் டொக் டொக் என்று தட்டுகிறது என்றாயே, மேல் ஓரத்தில் சின்னத் திருகு இருக்கும், அடியில் ஒரு டம்ளரைப் பிடித்துக்கொண்டு அதை அரைச் சுற்று திற, காற்று சீறிவிட்டுத் தண்ணீர் சொட்டும்போது மூடிவிடு, சத்தம் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன், எடு. கயிற்றைப் பற்றிக் கேட்க மாட்டேன்.

உன் அப்பா,
ஸகாரி