பதின்மூன்றாவது கட்டம்

பிப்ரவரி 3, திங்கள்

ஊர்த் தீயணைப்புக் கூடத்தில் எங்கள் மலை ஓட்டக் குழுவுக்கு எடை பார்க்கும் நாள். உருளைக்கிழங்கு நிறுக்கும் தராசில் ஒவ்வொருவராக ஏறி இறங்க, நான் குறித்துக்கொண்டேன். என் தோழி நூஷா ஐம்பத்து மூன்று கிலோ. பயிற்சியாளர் திராகோ ஊருக்கே கேட்கிற மாதிரிதான் படிப்பார். “ஒரு கிலோ குறைஞ்சா மலையில ஒரு நிமிஷம் மிச்சம், பொண்ணுங்களா.”

இன்று முதல் நான் தயாரித்த பயிற்சித் தாள். விளையாட்டு அறிவியலில் பட்டம் வாங்கி இரண்டு வருடம் கழித்து, படித்தது ஒன்றுக்கு உதவுகிறது. அம்மா தான் வேலை பார்க்கும் பாலாடைக்கட்டிக் கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாளாம்.

ஆளுக்கொரு தாள், ஒவ்வொன்றிலும் பதின்மூன்று கட்டங்கள் போட்டிருந்தேன். காலை நாடித்துடிப்பு, தூக்கம், ஏறிய உயரம், இறங்கிய உயரம், சாப்பாடு, வலி, இப்படி. கடைசிக் கட்டம் மாதவிடாய்த் தேதி. பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பவர் முதலில் கேட்கவேண்டியது அதுதான் என்று லுப்லியானா பல்கலைக்கழகத்தில் எங்கள் பேராசிரியை மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வார். அச்செடுத்த பிறகுதான் திராகோ சொன்னார், தாள் கூடத்துச் சுவரில் தொங்கும் என்று. எங்கள் குழுவில் என்றைக்கும் அதுதான் வழக்கம். தீயணைப்பு வண்டி கழுவ வருபவர்கள், சீட்டாட வருபவர்கள், என் அப்பா, எல்லோரும் நின்று வாசிப்பார்கள்.

கத்தரிக்கோலால் எல்லாத் தாளிலும் ஓரத்தை வெட்டிவிட்டேன். பன்னிரண்டு போதும்.

நூஷாவின் தாளில் வெட்டிய துண்டை மட்டும் எறிய மனம் வரவில்லை. இந்த நோட்டுக்குள் இருக்கிறது.

பிப்ரவரி 19, புதன்

நூஷாவோடு ஆற்றங்கரைப் பாதையில் பதினான்கு கிலோமீட்டர். பத்தில் எட்டு நாள், பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தைத் தாண்டக் கூடாது என்று விளக்கினேன். அவள் சொன்னாள்: “உன்கூட ஓடினா அது எப்படிடி தெரியும்? நீதான் வாயே திறக்க மாட்டியே.”

ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பங்குக்கும் அவள்தான் பேசிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குக் காலையில் தபால் பட்டுவாடா, மாலையில் மலை. ஜூனில் தேசிய அணித் தேர்வு ஓட்டம், ஐம்பத்தைந்து கிலோமீட்டர். முதல் மூன்று பேருக்கு இடம். இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து இதுவரை ஒரு பெண்ணும் போனதில்லை.

மார்ச் 10, திங்கள்

நூஷா: எடை 51. ஆயிரம் மீட்டர் உயரம் ஏற ஐம்பத்தொரு நிமிடம்.

மார்ச் 27, வியாழன்

காலணிக் கயிறு கட்டிக்கொண்டே சொன்னாள். “எனக்கு அக்டோபர்லேருந்து வரவே இல்லடி. மலையில ஒரு தொல்லை விட்டுச்சு. ஓடுறவங்களுக்கு இதெல்லாம் சகஜந்தானே?”

நான் சிரித்தேன்.

வாசலில் திராகோ நின்றிருந்தார், அதனால்தான். இல்லை, அவர் இல்லாவிட்டாலும் சிரித்திருப்பேன். அந்தச் சொல்லை வாயால் சொல்லவேண்டி வந்தால் எனக்குக் காது சிவந்துவிடும். பட்டப்படிப்பில் இதற்கென்றே ஒரு பாடம் இருந்தது: சாப்பாடு போதாமல் மாதவிடாய் நின்றால் எலும்பு வலுவிழக்கும். தேர்வில் பத்துக்குப் பத்து.

இது சகஜமில்லை என்று நாளை சொல்ல வேண்டும்.

மார்ச் 28

சொல்லவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். நூஷா வீட்டுக்கு வந்தாள். அம்மா வால்நட் ரொட்டியில் பெரிய துண்டாக வெட்டி வைத்தாள். “என்னடி இது, கடுதாசி உறை மாதிரி ஆயிட்டே? காத்தடிச்சா நீயே பட்டுவாடா ஆயிடுவே போல.” நூஷா சிரித்துச் சிரித்து ரொட்டியை உதிர்த்துக்கொண்டே இருந்தாள். போன பிறகு பார்த்தேன், தட்டில் எல்லாமே இருந்தது. வாய்க்குப் போகவில்லை.

அம்மா தட்டைக் கழுவிக்கொண்டே, “அந்தப் பொண்ணு சரியில்ல. படிச்சவ நீதானே, என்னன்னு கேக்க மாட்டியா?” என்றாள்.

கேட்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 28, திங்கள்

நூஷா எடை நாற்பத்தெட்டரை. ஏற்றம் நாற்பத்தொன்பது நிமிடம், குழுவில் இதுவரை எந்தப் பெண்ணும் ஏறாத வேகம். காலை நாடித்துடிப்பு முப்பத்தெட்டு. திராகோ சுவரில் அந்த எண்ணைத் தட்டி, “குதிரை இதயம்டா இது,” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

நானும் தட்டினேன். சாப்பாடு போதாத உடம்பு திரியைத் தணித்துக்கொண்டால் துடிப்பு இப்படியும் இறங்கும். அது எனக்குத் தெரியும். அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மே 22, வியாழன்

இறக்கத்தில் இடது தொடை இடுக்கு உள்ளுக்குள் வலிக்கிறது என்கிறாள் நூஷா. வலிக் கட்டத்தில் ‘தசைப்பிடிப்பு’ என்று எழுதியிருக்கிறாள். எலும்பாகவும் இருக்கலாம், ஸ்கேன் எடுக்காமல் ஓடக் கூடாது. திராகோவிடம் போனேன், அவர் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்.

“என்ன புரொஃபசர்?” என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

“ஒண்ணுமில்ல, நூஷாவுக்கு... கொஞ்சம் ஓய்வு...”

“என்னது? சத்தமாச் சொல்லும்மா, என் காது சரியில்ல.”

பின்னால் நான்கு பேர். ஒன்றுமில்லை என்றேன்.

ஜூன் 7, சனி

தேர்வு ஓட்டம். முப்பத்தோராவது கிலோமீட்டரில், மலைக்குடில் வாசலில் சூப்பும் புட்டிகளுமாக நின்றேன். மூன்றாவதாக இருந்தாள். மேலே வளைவில் அவள் தலை தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

நான் ஏறிப் போனபோது கல்லில் உட்கார்ந்திருந்தாள். காலை ஊன்ற முடியவில்லை. “உள்ள என்னமோ உடைஞ்சிடுச்சு பொலோனா, சத்தம் கேட்டுச்சு.” அழவில்லை. எண்ணிக்கொண்டிருந்தாள், எத்தனை பேர் தாண்டிப் போகிறார்கள் என்று.

ஜூன் 9, திங்கள்

தொடை எலும்பின் கழுத்தில் விரிசல், அது முழு முறிவாகிவிட்டது. மூன்று திருகாணி போட்டிருக்கிறார்கள். எலும்பு அறுபது வயதுக்காரியுடையது மாதிரி இருக்கிறதாம். அவளுக்கு இருபத்தைந்து.

டாக்டரம்மா முதலில் கேட்டது: “கடைசியா எப்போ வந்துச்சு?”

“போன அக்டோபர்.”

டாக்டர் என் பக்கம் திரும்பி, பயிற்சிப் பதிவு இருக்கிறதா என்றார். சுவரிலிருந்து எடுத்து மடித்து வைத்திருந்த அவள் தாளை நீட்டினேன். மேலிருந்து கீழே வாசித்தார். “எல்லாம் இருக்கு. இது மட்டும் ஏன் இல்ல?”

ஓரத்தில் கத்தரித்த கோடு கொஞ்சம் வளைந்திருந்தது.

ஜூன் 11, புதன்

நூஷாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாள், கத்தரிக்கோல், எடுத்து வைத்த துண்டு, பாடம், பத்துக்குப் பத்து. நடுவில் நிறுத்தாமல் சொன்னேன். வாழ்க்கையில் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. இப்போது என்ன பயன்.

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு, “நான் உன்கிட்ட கேட்டேன்லடி. அன்னிக்கு. நீ சிரிச்சே,” என்றாள்.

பிறகு, “போயிடு” என்றாள்.

ஜூன் 23, திங்கள்

இனி எடை நாள் இல்லை. திராகோ தராசைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். “உருளைக்கிழங்குக்கே இருக்கட்டும்.” வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல், “எனக்குத் தெரியாதும்மா. யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்,” என்றார். அவரைத் திட்டத் தயாராகத்தான் போயிருந்தேன்.

சுவரில் மிச்சமிருந்த தாள்களை நான் கிழித்தேன். இனி ஆளுக்கு ஒரு நோட்டு, அவரவர் பையில். பெண்கள் எல்லோரையும் உட்காரவைத்து அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொன்னேன். காது சிவந்தது. சிவந்தால் சிவக்கட்டும்.

ஆகஸ்ட் 30

தேசிய அணி புறப்பட்டுப் போனது. நூஷா வீட்டுச் சன்னல் மூடியிருக்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

நூஷாவுக்குத் தபால் நிலையத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்திருக்கிறார்களாம். நீண்ட ஓட்டம் இனிக் கிடையாதென்று டாக்டர் சொல்லிவிட்டாராம். எல்லாம் அம்மா மூலம். என்னோடு அவள் பேசுவதில்லை. அவள் பேசாவிட்டால் இந்த ஊரில் எனக்குச் சத்தமே இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு வாசலில் நூஷா. கைத்தடி இல்லை. கன்னம் கொஞ்சம் தேறியிருந்தது. உள்ளே வரவில்லை.

“அந்தத் துண்டு இன்னும் வச்சிருக்கியா?”

“இருக்கு.”

“இன்னிக்குத் தேதியப் போடு.”

ஒரு நொடி எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. பதின்மூன்று மாதம் கழித்து வந்திருக்கிறது.

“உன்னை மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதே. சொல்ல வேற யாரும் இல்ல, அதான்,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். ஒவ்வொரு படியாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு.

துண்டை எடுத்து மேசையில் வைத்தேன். மேலே பிப்ரவரியிலிருந்து எல்லா வரிசையும் காலி. கீழே எழுதினேன்: நவம்பர் 16.